அந்தப் பந்தல்காரன் நான்தான்

லைட்ட அணைச்சுட்டான். இடைவேளையும் போச்சு, இன்னும் பொண்டாட்டிகிட்ட சொல்லல. வீட்டுலேர்ந்து கெளம்பறப்பவே சொல்லிடணும்னுதான் இருந்தேன். செருப்பு மாட்டுறப்ப சொல்லலாம்னா அவ கதவப் பூட்டிக்கிட்டிருக்கா, ஆட்டோவுல சொல்லலாம்னா டிரைவர் கண்ணாடிய எம்மூஞ்சிக்கு நேரா திருப்பி வச்சுக்கிட்டு வர்றான். சிக்னல்ல நின்னதும் திரும்பியே கேட்டுட்டான், 'சார், நீங்க அந்த வீடியோவுல அழுவாரே, அந்த சார்தானே?' கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கேன், தலையில மருமகன் விட்டுட்டுப் போன தொப்பி, அப்பறம் எப்படிய்யா கண்டுபுடிக்கிற? நான் இல்லன்னு சொல்ல வாயெடுக்கறதுக்குள்ள திலகா வெளிய பாத்துக்கிட்டே 'ஆமா, அவருதான்'ங்கறா. ரேஷன் கடையில கார்டு யாருதுன்னு கேட்டா சொல்ற மாதிரி. கோவமா சொன்னாளா, கிண்டலாவா, பெருமையாவா, ஒரு எழவும் புரியல. இத்தன வருசம் கூடக் குடித்தனம் பண்ணியிருக்கேன், இந்தக் குரல் மட்டும் எனக்குப் புதுசு. சரி, இடைவேளையில காபி வாங்கிக் குடுத்துட்டு ஓரமா கூட்டிட்டுப் போய்ச் சொல்லிடலாம்னு பாத்தா, பாப்கார்ன் கவுண்டர்கிட்டயே காலேஜ் பொண்ணுங்க ஒரு கூட்டம் வளைச்சுக்கிச்சு. 'பந்தல் அங்கிள், ஒரே ஒரு செல்ஃபி.' இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. திலகா பாப்கார்ன் டப்பாவ ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டுத் தள்ளி நிக்கறா, சாமி ஊர்வலத்துக்கு வழி விட்டு நிக்கற மாதிரி. அதுல ஒருத்தி, வாய்த்துடுக்கு, 'ஆன்ட்டி, உங்களுக்குக் கோவமே வரலையா?'ன்னு கேட்டா. திலகா 'எதுக்கும்மா?'ன்னு திருப்பிக் கேட்டா பாருங்க, அந்தப் பொண்ணு போன இறக்கிட்டா. எதுக்கும்மாவா? அப்படின்னா கோவம் இல்லையா, இல்ல, வீட்டுக்குப் போய் வச்சுக்கலாம்னு இருக்காளா? பெல் அடிச்சுட்டான், உள்ள வந்து ஒக்காந்தாச்சு, ஏசி நேரா மண்டையில அடிக்குது. இப்ப சொல்லலேன்னா படம் முடிஞ்சுரும், முடிஞ்சா வெளிய யூடியூப்காரனுங்க மைக்கோட நிப்பானுங்க, அதுல ஒருத்தன் இவகிட்ட நீட்டிட்டான்னா? இவ என்ன சொல்லுவா? அதுக்கு முன்னாடி சொல்லிடணும். திலகா, நான் அழுவல. எனக்கு லவ்வும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கண்ணுல தண்ணி வந்துச்சு, அவ்வளவுதான். இதச் சொல்றதுக்கு என்ன கேடு எனக்கு.

கண்புரை ஆபரேஷன் ஆகி ஒரு மாசம்கூட ஆவல. சொட்டு மருந்து ஊத்திக்கணும், வெயில்ல போவக்கூடாது, தூசி படக்கூடாது, காத்து நேரா அடிக்கக்கூடாது. போன வெள்ளிக்கெழம ஒரு பார்ட்டியப் பாத்துட்டு வந்துடறேன்னு தென்னூருக்குக் கெளம்புனேன், இன்சூரன்ஸ் ஏஜெண்டுக்கு ஏது ஆபரேஷன் லீவு. பார்ட்டி வீட்டப் பூட்டிக்கிட்டு ஊருக்குப் போயிட்டான். போன்ல 'வாங்க வாங்க'ன்னவன். வெயிலுன்னா வெயிலு, திருச்சி வெயிலு, கண்ணத் தெறக்க முடியல. எதுத்தாப்புல தியேட்டரு. ஏசியில சித்த நேரம் ஒக்காந்துட்டுப் போலாமேன்னு டிக்கெட் எடுத்தேன், என்ன படம்னுகூடப் பாக்கல. 'ஈரப்பந்தல்'னு போட்டிருந்தான். எல்லாம் புதுமுகம், போஸ்டர்ல மூஞ்சியே இல்ல, முதுகுதான் இருந்துச்சு. உள்ள ஈ ஓட்டறான். பந்தல் போடறவன் ஒருத்தன், அவன் விரும்பின பொண்ணுக்கு வேற எடத்துல கல்யாணம், அந்தக் கல்யாணத்துக்கு இவனே பந்தல் போடறான். அவ்வளவுதான் நான் பாத்தது. மூங்கில் நடறதப் பாத்துக்கிட்டே இருந்தேனா, அப்படியே கண்ணு சொக்கிருச்சு. சத்தியமா. குறட்ட விட்டேனோ என்னமோ. முழிச்சுப் பாத்தா தெரையில பேரு ஓடுது, ஜனம் வெளிய போவுது. நானும் எழுந்து போனேன். இருட்டுலேர்ந்து வெளிய வந்ததும் சுளீர்னு அடிச்சுது பாருங்க, கறுப்புக் கண்ணாடி சட்டப்பையில, அத எடுத்துப் போட்டுக்கறதுக்குள்ள ஆபரேஷன் பண்ணின கண்ணு பொலபொலன்னு ஊத்துது. அந்தக் கண்ணப் பாத்து இந்தக் கண்ணும் ஊத்துது. கைக்குட்டைய எடுத்து ஒத்தறேன், வாய்க்கு முன்னாடி மைக். 'சார்! அழுதிருக்கீங்க சார்! படம் எப்படி சார்?' ஒரு பொண்ணு. முடிக்குச் செம்பட்டைச் சாயம் அடிச்சிருக்கு, தோள்ல கனமா ஒரு பை, வேர்த்து விறுவிறுத்து நிக்கிது. பின்னாடி கேமராக்காரன் கொட்டாவி விடறான். உள்ள இருந்தவனுங்களே கொஞ்சம், அவனுங்களும் 'செம லேக்', 'மொக்க'ன்னு நடந்துக்கிட்டே சொல்லிட்டு வண்டிய எடுக்கப் போயிட்டானுங்க. நான் அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்தேன். அங்கதான் புடிச்சுது சனியன். என் தொழிலே அதுதான். எதுத்தாப்புல ஒக்காந்திருக்கறவன் எதக் கேக்கணும்னு தவிக்கிறானோ, அது அவன் மூஞ்சியிலயே தெரியும். அத நாம சொல்லிட்டா போதும், பேனாவ எடுத்துருவான். 'உங்க பசங்களுக்கு ஒங்கள விட்டா யாரு சார் இருக்கா'ன்னு பசங்களே இல்லாதவன்கிட்டகூடச் சொல்லி அவன் கண் கலங்கியிருக்கான். அந்தப் பழக்கம் விடுமா? 'நல்லாருக்கும்மா'ன்னேன். 'உங்க லைஃப்ல ஏதாவது கனெக்ட் ஆச்சா சார்?' காலையிலேர்ந்து அதுக்கு ஒருத்தனும் ஒண்ணும் குடுக்கல, எனக்குத் தெரியுது. நான் குடுத்தேன். 'அந்தப் பந்தல்காரன் நான்தாம்மா'ன்னு சொல்லிட்டேன். சொன்னதும் பொண்ணு மூஞ்சி பளிச்சுன்னு ஆச்சு, கொட்டாவிக்காரன் கேமராவக் கிட்டக் கொண்டாந்துட்டான், எனக்கும் ஒரு பெரிய பாலிசிய முடிச்ச சந்தோஷம். அதோட நிறுத்தித் தொலைச்சிருக்கலாம். 'அவங்க எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்'னு ஒண்ண வேற சேத்துவிட்டேன். எவங்க? யாரு இருக்கா? கண்ணு பாட்டுக்கு ஊத்திக்கிட்டே இருந்துச்சு.

மறுநா காலையில ஓசூர்லேர்ந்து மக இளவரசி போன் பண்றா. 'அப்பா, எங்க போயி என்னத்தப் பேசி வச்சிருக்கீங்க?' எனக்கு மறந்தே போச்சு, அதுதான் நெசம். அவ அனுப்பி வச்சதப் பாத்தா, எம்மூஞ்சிய மெதுவா ஓடவிட்டு, பின்னாடி வயலின் போட்டு, கைக்குட்டை கண்ணுகிட்ட போறதையே திருப்பித் திருப்பிக் காட்டறான். படம் எடுத்தவங்களே அத விளம்பரமா போட்டுட்டாங்க, 'ஈரப்பந்தல், ஒரு தலைமுறையின் கண்ணீர்'னு. ஒரு தலைமுறைன்னா நான் ஒருத்தன்தான் போல. வெள்ளிக்கெழம 'ரெண்டாவது பாதி இழுவை'ன்னு எழுதுனவன்லாம் திங்கக்கெழம 'பொறுமையா உள்வாங்கிப் பாக்கவேண்டிய படம்'னு மாத்தி எழுதறான். தூங்குனவன் கண்ணீரப் பாத்து! எடுத்துடுவாங்கன்னு இருந்த படம், இப்ப காட்சி கூட்டியிருக்காங்க. இன்னொரு கோஷ்டி எனக்குப் பந்தல் அங்கிள்னு பேரு வச்சு, தக்காளி வெல ஏறினாலும் எம்மூஞ்சி, கிரிக்கெட்ல தோத்தாலும் எம்மூஞ்சி. லால்குடியிலேர்ந்து மச்சான் குமரகுரு, 'என்ன மாமா, எங்கக்காவக் கட்டறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?' சிரிச்சுக்கிட்டுத்தான் கேட்டான், ஆனா பதிலுக்கு நின்னான். இல்லடா, தூங்கிட்டேன்டான்னு அப்பவாச்சும் சொல்லியிருக்கலாமில்ல? 'விடு மாப்ள, அதெல்லாம் அந்தக் காலம்'னு பெரிய மனுசனாட்டம் பெருமூச்சு விட்டேன். பொய் சொல்லுவானேன், கொஞ்சம் புடிச்சும் இருந்துச்சு. டீக்கடையில எழுந்து எடம் குடுக்கறான். வருசக்கணக்கா பாலிசிய இழுத்தடிச்ச கணக்கு வாத்தியாரு கையப் புடிச்சுக்கிட்டு, 'உள்ளுக்குள்ள இவ்வளவு வச்சுக்கிட்டா சார் சிரிச்சுப் பேசிட்டுத் திரிஞ்சீங்க'ன்னாரு. இப்ப போயி, சார், அது சொட்டு மருந்து சார்னு சொன்னா காறித் துப்பமாட்டாரு?

ஊர விடுங்க. இவ. இளவரசி அதே வீடியோவ அம்மாவுக்கும் அனுப்பித் தொலைச்சிருக்கு. திலகா அடுப்படியில நின்னுக்கிட்டே பாத்தா. கண்ணாடியப் போட்டுக்கிட்டு மறுபடி பாத்தா. நான் ஹால்ல பேப்பரத் தலகீழாப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கேன், இப்ப வரும், இப்ப வரும்னு. வந்தா. 'சட்ட கசங்கியிருக்கு. அயர்ன் பண்ணினது பீரோவுல இருந்துச்சே'ன்னா. அவ்வளவுதான். உள்ள போயிட்டா, மிக்ஸி ஓடுது. எதாவது கேளேன்டி! தட்ட விட்டெறி, எங்கம்மாவ இழு, எங்கப்பன இழு, லால்குடிக்குப் போறேன்னு பைய எடு. ஒண்ணும் இல்ல. குழம்புல உப்பு சரியா இருக்கு, அதான் எனக்குப் பயமா இருக்கு. வேளாவேளைக்குச் சொட்டு மருந்தும் அவதான் ஊத்துறா. நாற்காலியில தலையச் சாச்சு ஒக்காருவேன், கட்டவெரலால கீழ் எமைய இழுத்துப் புடிச்சு ஒரு சொட்டு. முன்னெல்லாம் 'ஆட்டாதீங்க, சின்னப் புள்ளையா நீங்க'ன்னு அதட்டுவா, இப்ப அதுவும் இல்ல. எனக்கு அவ மூஞ்சி கலங்கலா தெரியும், அவளுக்கு என் கண்ணு நல்லாத் தெரியும். ஊத்தி முடிச்சப்பறமும் கைய எடுக்காம பாத்துக்கிட்டே நிக்கறா. என்னத்தத் தேடறா அதுக்குள்ள? அந்தப் பொம்பளயவா? நேத்து அப்படி நிக்கறப்பதான், 'நாளைக்கு அந்தப் படத்துக்குப் போவமா'ன்னா. சினிமா தியேட்டருன்னாலே தலவலிங்கறவ. இளவரசி கைக்கொழந்தையா இருந்தப்ப ஒரு தடவ போனது, அதுவும் பாதியில எழுந்து வந்துட்டோம். 'எதுக்கு திலகா, நல்லாவே இருக்காது'ன்னேன். 'நல்லா இல்லாமயா அழுதீங்க?'ன்னா.

தெரையில மழ பெய்யுது. பந்தல்காரனுக்கு வயசாயிருச்சாம், காதோரத்துல மட்டும் வெள்ள அடிச்சு விட்டிருக்கானுங்க, நடையெல்லாம் இன்னும் எளவட்டமாத்தான் நடக்கறான். சொந்தமா லாரி இருக்கு. நாலு பேர வெரட்டி வேல வாங்கறான். இதெல்லாம் நான் தூங்கின பகுதி. 'இவன் கல்யாணம் பண்ணிக்கிட்டானா?'ன்னு திலகா மெதுவா கேக்கறா, தெரையிலேர்ந்து கண்ண எடுக்காம. எனக்கு எப்படித் தெரியும்? 'பாரு, சொல்லுவான்'னேன். பாத்தவன், பாத்து அழுதவன், கதை தெரியாம முழிக்கறேன். திரும்பி ஒரு பார்வ பாத்தா. கண்டுபுடிச்சுட்டாளா? கண்டுபுடிச்சா நல்லதுதானே, நான் சொல்ற வேலை மிச்சம். இல்ல, நல்லதில்ல, நானா சொன்னாத்தான் நல்லது. சொல்லு. 'திலகா, நான் அன்னிக்குத் தூங்கிட்டேன்'னு ஆரம்பிச்சா போதும், மிச்சம் தானா வரும். பின் சீட்டுக்காரன் சிப்ஸ் பாக்கெட்ட நொறுக்கறான், நொறுக்கு நொறுக்குன்னு நொறுக்கறான். சொன்னா சிரிப்பாளா? சிரிச்சுட்டா பரவால்ல. 'ஊருக்கெல்லாம் சொன்னது பொய்யி, எங்கிட்ட சொல்றது மட்டும் நெசமா? எத நம்பறது நான்?'ன்னு கேட்டா? கேப்பா. நானா இருந்தா கேப்பேன். இந்த வாரம் பூரா ஃபேனப் பாத்துக்கிட்டுப் படுத்துக் கெடந்து, என் வாழ்க்கையில யாராச்சும் இருந்தாங்களான்னு தேடிட்டேன். ஒருத்தியாச்சும் இருந்தா பொய்யில பாதி கொறையுமே. டைப்ரைட்டிங் கிளாஸ்ல பக்கத்து மெஷின் பொண்ணு, ரிப்பன் சிக்கிக்கிட்டா என்னப் பாக்கும். நான் சரி பண்ணிக் குடுத்தேனா? மாஸ்டரக் கூப்பிட்டு விட்டேன். உறையூர்ல மாடி வீட்டுப் பொண்ணு, பரிச்சைக்கு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கிட்டுப் போயி திருப்பியே குடுக்கல. அது மூஞ்சி ஞாபகமில்ல, டப்பா ஞாபகம் இருக்கு. அவ்வளவுதான், தீந்துபோச்சு. அடக் கடவுளே, இவ்வளவு வறண்டா கெடந்திருக்கேன்? ஊரே எம்மூஞ்சியப் பாத்துக் காதலுங்குது, எனக்கு அது என்ன ருசின்னே தெரியாது. ஆனா ஒண்ணு தெரியும். திலகாவுக்குக் கர்ப்பப்பை எடுத்த அன்னிக்கு, உள்ள கொண்டுபோயி கதவச் சாத்தினதும், நின்னவன் செவுத்தப் புடிச்சுக்கிட்டு அப்படியே வராண்டாவுல ஒக்காந்துட்டேன். யாரோ ஒரு அம்மா, 'தண்ணி குடிங்கய்யா, ஒண்ணும் ஆவாது'ன்னுச்சு. இவ திரும்பி வரலேன்னா என் சட்டை எங்க இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது, சட்டை கெடக்குது, நான் எதுக்கு வீட்டுக்குப் போவணும், யாரு இருக்கான்னு போவணும்னு நெனச்சேன். அதுக்கு என்ன பேரு? அத மைக்ல சொல்லியிருக்கலாம். பொண்டாட்டிய நெனச்சு ஒருத்தன் அழுதா எவன் வீடியோ போடுவான்? சரி, மைக்க விடு, இவகிட்டயாச்சும் சொன்னேனா? மயக்கம் தெளிஞ்சு அவ கண்ணத் தெறந்ததும், 'பால் பாக்கெட்ட ஃப்ரிட்ஜுல வச்சுட்டேன்'னு சொன்னேன். அவ தலைய ஆட்டினா. எங்களுக்குள்ள பேச்சு அப்படித்தான்.

படத்துல இப்ப ஒரு வீடு, புதுசு, கிரகப்பிரவேசம் போல. அதுக்குத்தான் பந்தல் போட வந்திருக்கான், யாரு வீடுன்னு தெரியாம. மூங்கில எறக்கிட்டு ஆளுங்க எல்லாம் மதில் நெழல்ல ஒக்காந்திருக்காங்க. அவன் விரும்பின அந்தப் பொண்ணு வெளிய வர்றா, கையில சொம்பும் டம்ளரும். ஒவ்வொருத்தனா தண்ணி ஊத்திக் குடுத்துக்கிட்டே வந்து, இவன்கிட்ட வந்ததும் நின்னுட்டா. பேச்சு இல்ல. பின்னாடி பாட்டு இல்ல, வயலின் இல்ல. டம்ளர வாங்கிட்டான், குடிக்கல, கையில வச்சுக்கிட்டே நிக்கறான். கேமராவும் அசைய மாட்டேங்குது. இதத்தான் இழுவைன்னானுங்க போல. நொறுக்கிக்கிட்டிருந்தவன் 'டேய், குடிச்சுத் தொலைடா'ன்னு கத்தறான், கொஞ்சம் பேரு சிரிக்கறாங்க, எங்கேயோ ஒரு பொம்பள 'சும்மா இருய்யா'ன்னு அதட்டுறா. நானும் சிரிச்சிருப்பேன். இவளும் சிரிக்கறாளான்னு திரும்பினேன். திலகா அழறா. சத்தமே இல்ல. கண்ணாடிக்குக் கீழ எறங்கி, மூக்கோரமா வந்து, தாடையில சொட்டுது, தொடைக்கக்கூட இல்ல. மூக்க உறிஞ்சல, முந்தானைய வாயில வைக்கல. இவ அழுது நான் பாத்திருக்கேன். மாமனார் செத்தப்ப பாத்திருக்கேன், இளவரசிய அனுப்பி வச்சப்ப மண்டபத்துல பாத்திருக்கேன், தெருவுக்கே கேக்கற மாதிரிதான் அழுவா. இது அந்த அழுக இல்ல. அடப்பாவி, என்னடா பண்ணி வச்சிருக்க நீ. ஒரு வாரமா உள்ள போட்டு அமுக்கிக்கிட்டே இருந்திருக்கா, இங்க வந்து ஒடஞ்சுருச்சு. பொறக்கவே பொறக்காத ஒரு பொம்பளைக்காக என் பொண்டாட்டி அழறா. போதும்டா சாமி. மானம் போனா போவட்டும், டீக்கடையில எடம் குடுக்காட்டி போவட்டும். குனிஞ்சு அவ காதுகிட்ட, 'திலகா, அந்த வீடியோவுல நான் சொன்னது...'ன்னு ஆரம்பிச்சுட்டேன். ஆரம்பிச்சே விட்டேன். அவ என் கையப் புடிச்சா. என்னப் பாக்காமலே புடிச்சா. 'பேசாதீங்க. பாப்போம்.' கோவத்துல புடிக்கிற கை இப்படி இருக்காது. வெரலுக்குள்ள வெரல விட்டுக் கோத்திருக்கா. இப்படிப் புடிச்சு எத்தன காலம் ஆச்சு? எப்பவாச்சும் புடிச்சிருக்காளா? அவ பாக்கறது என்னைய இல்ல, தெரையில இருக்கற அந்தப் பொம்பளயவும் இல்ல. பந்தல்காரன் கையப் பாக்கறா, டம்ளரப் புடிச்சிருக்கானே, அந்தக் கைய. அவன் எச்சி முழுங்கினா இவளுக்குத் தொண்டை ஏறி எறங்குது.

புருசன் மேல சந்தேகப்படறவ இப்படியா பாப்பா? எங்கேயோ சுத்தி எனக்கு ஞாபகம் வந்து நிக்கறது பொண்ணு பாக்கப் போன அன்னிக்கு. லால்குடி வீடு, கேசரித் தட்டோட வந்து நின்னா, ரெண்டு கண்ணும் செவசெவன்னு வீங்கிப் போயிருந்துச்சு. எம் மாமியா முந்திக்கிட்டு, 'மெட்ராஸ் ஐ தம்பி, ஊரு பூரா வந்திருக்கு, கிட்டப் பாத்துராதீங்க'ன்னாங்க. எங்கம்மா, 'கண்ணு வலிதானே, கல்யாணத்துக்குள்ள சரியாயிரும்'னாங்க. எல்லாரும் சிரிச்சோம். ஒட்டிக்கப் போவுதேன்னு நான் நாற்காலியத் தள்ளிப் போட்டுக்கிட்டேன். ஊரு பூரான்னாங்க, அந்த வீட்டுல வேற யாரு கண்ணும் செவக்கல. குமரகுரு எந்நேரமும் அக்கா மேலயே ஒட்டிக்கிட்டுத் திரிவான், அவனுக்கும் இல்ல. எங்களுக்கும் வரல. இத்தன வருசத்துல ஒரு நா இத நான் யோசிச்சதில்ல, கண்ணு செவந்தா கண்ணு வலி, அதுல யோசிக்க என்ன இருக்கு. அது வலி இல்ல, அழுத கண்ணு. யாரு? லால்குடியில யாரு? உசுரோட இருக்கானா? எங்க கல்யாணத்துக்கு வந்தானா, பந்தியில எனக்குத் தண்ணி வச்சானா, மாப்ளன்னு எங்கிட்ட சிரிச்சானா? குமரகுருவுக்குத் தெரியுமா, அதான் முன்னாடியா பின்னாடியான்னு நின்னு கேட்டானா? திருவிழாவுக்குப் போனா இவ யாரையாச்சும் தேடுவாளா? எனக்குக் கோவம் வரணுமே. வந்துச்சு. வந்து நெஞ்சுல ஏறி நின்னுக்கிட்டு, எவன் மேல போறதுன்னு தெரியாம நின்னுச்சு. இவ மேல போகச் சொன்னா போவல. கையத்தான் புடிச்சிருக்காளே. எரியுது, திகுதிகுன்னு எரியுது, ஆனா கைய உருவ மனசு வரல. பாவி, இவ்வளவு காலமா யாருகிட்டடி சொன்ன நீ? யாருகிட்டயும் சொல்லல. சொட்டு மருந்து ஊத்திட்டு என் கண்ணுக்குள்ள பாத்துக்கிட்டே நின்னது, என்னையும் தன்ன மாதிரி ஒருத்தன்னு நெனச்சா? தெரையில அவன் தண்ணியக் குடிச்சுட்டு டம்ளரத் திருப்பிக் குடுத்துட்டான். அவ வாங்கிட்டு உள்ள போறா. அவ்வளவுதான் படம். இதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

லைட்டப் போட்டுட்டான். கைதட்டறாங்க, சில பேரு எழுந்து நின்னே தட்டறாங்க. சிப்ஸ்காரன் மூக்க உறிஞ்சிக்கிட்டு எங்களப் பாக்காம போறான். திலகா கண்ணாடியக் கழட்டி முந்தானையால மூஞ்சிய அழுத்தித் தொடைச்சுக்கிட்டா, எல்லாரும் பாக்கறாங்கன்னு தெரிஞ்சே தொடைச்சுக்கிட்டா. எனக்கு ஆபரேஷன் பண்ணின கண்ணும் காஞ்சு கெடக்கு, பண்ணாத கண்ணும் காஞ்சு கெடக்கு. 'பாவம், அந்த அங்கிள் வைஃப் எப்படி அழறாங்க பாரு'ன்னு ஒருத்தி பக்கத்துல இருக்கறவகிட்ட சொல்றது காதுல விழுது. எம்மேல பரிதாபம் இல்ல, இவ மேல. எங்க எல்லாருக்கும் எல்லாம் தப்பாவேதான் தெரியும் போல. படிக்கட்டுல கூட்டம் எறங்குது. கீழ மைக்கோட நிக்கறாங்க, அந்தச் செம்பட்டைத் தலப் பொண்ணு என்னப் பாத்துட்டு 'சார், சார், இங்க'ன்னு கையாட்டுது. பாதிப் படியில திலகா நின்னுட்டா. முழங்கால் வலின்னு நெனச்சேன். கூட்டத்த முன்னாடி போவ விட்டா. அப்பறம் செவுத்தப் பாத்துக்கிட்டு, 'ஏங்க'ன்னா.

'என்ன திலகா?'

'உங்களாலயாச்சும் வாய் விட்டுச் சொல்ல முடிஞ்சுதே.'

நான் வாயத் தெறந்தேன். இல்ல திலகா, அப்படி ஒருத்தி இல்லவே இல்ல, எனக்கு எப்பவும் நீ ஒருத்திதான். நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு, ஒரு வாரமா வராதது இப்ப முழுசா வந்து நிக்குது. சொல்லிட்டா நான் தப்பிச்சுருவேன். இவ மட்டும் தனியா நிப்பா.

'அவங்க பேரு என்னன்னு நான் கேக்கல'ன்னா. 'நீங்களும் கேக்காதீங்க.'

'கேக்கல'ன்னேன்.